மொட்டு என்று போட விடமாட்டேன்

என் வாயாடித் தங்கச்சி மாலதிக்கு,

அடுத்த வாரம் உனக்குத் தலைத்திவசம். நம் ஊர் ஜாசினில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. என் தையல் கடைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. உன்னைப் போலவே ஓயாமல் சத்தம் போடுகிறது.

பத்திரிகையில் போட அஞ்சலி விளம்பரம் எழுதிக்கொண்டு, புலாவ் செபாங்கிலிருந்து சித்தப்பா வந்தார். உன் படத்துக்குக் கீழே, ‘மலரும் முன்னே கருகிய மொட்டு’. எனக்குச் சுர்ரென்று ஏறியது. விண்மீன் மண்டலங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள் மொட்டா? கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால் நம் ஆட்களுக்கு அந்த ஒரு வரிதானே தெரியும். போனில் பத்திரிகை ஆபீஸ் பெண்ணும், எல்லாரும் அதைத்தான் போடுவார்கள் என்றாள்.

ஒரு கஸ்டமரின் ரவிக்கைத் துணியில் நீ தையல் சாக்பீஸால் வட்டம் வட்டமாக வரைந்து நாசமாக்கினாயே, ஞாபகமிருக்கிறதா? திட்ட வந்த என்னையே உட்கார வைத்துப் பாடம் எடுத்தாய்.

“ரொம்ப வருஷமா என்ன நினைச்சாங்க தெரியுமாக்கா? விண்மீன் மண்டலமெல்லாம் சின்னச் சின்னதா ஒண்ணுசேந்து, மெதுவாத்தான் பெரிசாகும்னு. ஆனா பிரபஞ்சம் குழந்தையா இருக்கறப்பவே சிலது பூதாகரமா நிக்குதுலா.”

குளிர்ந்த வாயு தன் பாரம் தாங்காமல் உள்ளே சரியுமாம். அந்த நெருக்கத்தில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்குமாம். சீக்கிரமே வாயு தீர்ந்து, பிறப்பதும் நின்றுவிடுமாம். அப்படியென்றால் அது பாதியில் நின்றுபோனதுதானே என்று கேட்டேன். என்னை முறைத்தாய்.

“பாதி இல்லக்கா. சீக்கிரம் முடிச்சிருச்சு, அவ்வளவுதான்.”

சித்தப்பா எழுதிய மொட்டு வரியை நான் அடித்துவிட்டேன். ஊர் பேசும் என்றார் சித்தப்பா. மொட்டு என்பது மரியாதையான வார்த்தைதான் என்றும் சமாதானம் சொன்னார்.

“அவ எதை முடிக்கல, சொல்லுங்க சித்தப்பா” என்று கேட்டேன்.

அவர் நான் புதிதாக எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘டாக்டர் மாலதி. முப்பத்திரண்டு வயது. முழு வாழ்க்கை.’ நாளைக்கு அச்சில் வரும்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முழு வாழ்க்கை என்று எழுதிக் கொடுத்த எனக்கே அது போதவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? ஆனால் எனக்கு நீ போதாமல் போனது என் குறை. அதை உன் தலையில் கட்ட யாருக்கும் உரிமையில்லை, எனக்கும்தான்.

திவசத்துக்கு வருகிறவர்களுக்கு வயிறாரச் சோறு போடுவேன். ஆனால் என் வாயில் பேச்சு இருக்கும்வரை, உன் பெயருக்கு முன்னால் ‘பாவம்’ என்ற சொல்லை ஒருத்தரையும் சொல்ல விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த,
ரேவதி அக்கா