முகத்துக்கு நேரே வரும் பந்து

ஆனி 3, செவ்வாய். ராஜபாளையம்.
காலையிலேயே காற்று. மலைப்பக்கம் மேகம், மழை இல்லை.
யாரிடமும் சொல்லாதது: பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். நான் கோல்கீப்பர். போன வருடம் திருச்சூரில் எவனோ முழங்காலால் நெற்றியில் இடித்ததிலிருந்து இப்படி. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டதற்குப் பழைய கிளப்பின் பெயரைச் சொன்னேனாம்.
பதினாலு வருடம், ஆறு கிளப். கோவா, கொல்கத்தா, எங்கெங்கோ. சட்டை மாறியது, பெஞ்ச் மாறவில்லை.
ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவை கிளப் ஒன்று ஆள் எடுக்கிறது. இரண்டாவது கீப்பர், ஒரே இடம். எனக்கு 39. இது போனால் அவ்வளவுதான். வேறு வேலை தெரியாது.

ஆனி 5, வியாழன்.
கையுறை துவைக்க. நகம் வெட்ட. ஆதார் நகல் 2.
செல்வி தன் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கழிவுச் சுருள் ஒரு பை கொண்டுவந்தாள். மொட்டைமாடியில் நின்று என் முகத்துக்கு எறியச் சொன்னேன். புதுப் பயிற்சி என்று புளுகு. என்ன குறி அவளுக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்த கோபம் அம்புட்டும் கையில்.
எதிர்வீட்டு அண்ணாச்சி: “ஏலே, பொண்டாட்டிகிட்ட அடி வாங்க மாடிக்கா ஏறணும்?”
“கீழ இடம் பத்தல அண்ணாச்சி.”
நாற்பது சுருள். நாற்பதுக்கும் மூடினேன். வெறும் துணி, வலிக்கவே வலிக்காது. அப்படியும்.

ஆனி 7, சனி.
செல்வி எறிவதை நிறுத்தினாள். “நீங்க கண்ண மூடுதிய.”
“தூசு ஏட்டி.”
“எத்தன நாளா?”
சொல்லிவிட்டேன். எப்போதும் சிரிப்பவள் சிரிக்கவில்லை. “பொறவு எதுக்குப் போறிய? இன்னொரு தடவ மண்டையில பட்டா?”
சுருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். சாப்பிடாமல் போர்வைக்குள் போனேன். குளிருது என்றேன், ஆனி மாதத்தில்.

ஆனி 8, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம்.
பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் புதர்ப்பக்கம் இறங்கி ஓடியது மூன்று தடவை.
ஆளுக்குப் பத்து பந்து. முதல் நாலுக்கும் கண் மூடி நின்றேன். அதில் இரண்டு தானாகக் கையில் வந்து பட்டது, கைதட்டினார்கள். ஐந்திலிருந்து ஒன்பது, நினைவே இல்லை. பத்தாவது மூக்குக்கு நேரே. பந்தின் தையல் தெரிந்தது. காற்றடிக்கும் ஓட்டை தெரிந்தது. குத்தினேன்.
கோச் கையிலிருந்த டீயில் போய் விழுந்தது. வெள்ளைச் சட்டை. கழற்றி, அலசி, கோல் வலையில் காயப்போட்டார்.
“மத்தவங்க போங்க. நீங்க இருங்க. சட்டை காயட்டுங்க, பேசலாம். அதுவரைக்கும் சட்டையைப் பார்த்துக்குங்க.”
நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் போக இதை எழுதிக்கொண்டிருந்தேன்.
சட்டையின் இடது கை இப்போது இல்லை. ஆடு தின்றுவிட்டது.