மிருகம் கால் வைத்த இடம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்றைக்கு நான் பார்த்துக்கொண்டது பதினொரு பிள்ளைகள். இரண்டுக்குச் சளி. கொழுந்து எடுக்கப் போன தாய்மார் திரும்பி வரும்வரை ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு அலைந்தேன். இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வழக்கம்போல மிருகப் படம். தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்கள், மாடி வீடுகளைத் தள்ளிவிட்டு நடக்கிற ஒரு பிராணி. அழகையா என்று பெயர் வைத்த மனுஷன், வாயில் ஈ போவது தெரியாமல் பார்க்கிறார்.

எனக்கு அந்தப் படங்களில் பிடிக்காதது ஒன்றுதான். கதாநாயகனுக்குப் பெயர் உண்டு. அவன் வளர்க்கிற நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. மிருகம் கால் வைக்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடையாது. ஒரு பொம்பளை ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள், அடுத்த நொடி சுவரே இருக்காது. அவள் அடுப்பில் என்ன வைத்திருந்தாளோ? இவரிடம் கேட்டேன். "அவளையே பாத்துக்கிட்டிருந்தா கதை எப்பிடி நகரும்?" என்றார். கதை நகரட்டும், நீங்க கொஞ்சம் நகருங்க, கூட்டணும் என்று விளக்குமாற்றை எடுத்தேன்.

பெப்ரவரி 11

விடிந்ததிலிருந்து மழை. இவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பத்துக் காம்பராவும் ஒரே கூரையில் இருக்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் இருக்கிற வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். போன வருஷம் கை நுழைந்தது, இப்போது தலை நுழைகிறதாம்.

இந்த இடம் அபாயம் என்று பலகை நட்டு மூன்று வருஷம் ஆகிறது. பெரிய மழை என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள், வெயில் அடித்தால் லயத்துக்கே திரும்பச் சொல்கிறார்கள். கீழ்ப்பிரிவு லயம் முன்னொரு மழையில் மண்ணோடு போனது. எல்லாரும் வேலையில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். ஒரே வருஷத்தில் அவர்களுக்குத் தனித்தனி வீடு. விழுந்தவர்களுக்கு வீடு, விழப்போகிறவர்களுக்குப் பலகை. பக்கத்துக் காம்பராக்காரி இன்றைக்கும் இதையே சொல்லிப் புலம்பினாள்.

எனக்கு மாளிகை வேண்டாம். உள்ளே ஒரு அறை, அதற்கு ஒரு கதவு. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிற மகள் லீவில் வந்தால், உடுப்பு மாற்ற அப்பாவை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கும் வயது இருபத்திரண்டு.

பெப்ரவரி 20

இன்று ஒரு கூத்து. பதுளை டவுனில் பந்தல், கதிரை வாடகைக்கு விடுகிற முஸ்தாக் நானா சென்னையிலிருந்து வந்த சினிமாக்காரர்களை எங்கள் பிரிவுக்குக் கூட்டிவந்தார். மிருகப் படமாம். நமுனுகுல மலைக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வருமாம். முதல் முதலாக அது மிதிக்கிற வீடு எங்கள் லயமாம். ஒருவர் எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, "பிரமாதம், தொட்டாலே விழுந்துடும்" என்று சந்தோஷப்பட்டார். பத்துக் குடும்பம் உள்ளே இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு கூரையைப் படம் பிடித்தார்.

பெப்ரவரி 23

காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்களத்தில் கூட்டம். தோட்டத்து மேனேஜர், பெரிய துரையே வந்தார். படத்துக்காக லயத்தை உடைக்கச் சம்மதமா என்று கேட்டார். உடைத்தால் வீட்டுத் திட்டத்தில் புது வீடு கிடைக்கும், அது வரும்வரை பழைய தேயிலை ஸ்டோரில் இருக்கலாம், ஆறு மாதம்தான் என்றார். அப்போது இவர் எழுந்தார். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கக்கூட எழும்பாத மனுஷன்.

"நிக்கிற லயத்துக்கு எவனும் வீடு தர மாட்டான். கீழ்ப்பிரிவுக்கு ஏன் குடுத்தாங்க? ஒடைஞ்சிச்சு, குடுத்தாங்க. நம்மளது தானா ஒடைஞ்சா நாமளும் உள்ள இருப்போம். இவங்க ஒடைச்சா நாம வெளிய நிப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்."

சனம் கை தட்டியது. நானும்தான் தட்டினேன். பத்துக் குடும்பமும் கையெழுத்து வைத்தோம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்றைக்குத்தான் இவரைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், அதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12

சூட்டிங். எங்களையே ஓடவும் கத்தவும் கூப்பிட்டார்கள். பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு பிள்ளைகளோடு போனேன். மிருகம் எங்கே என்றால் மிருகம் இல்லை. நீளமான கம்பு, நுனியில் ஒரு பச்சைப் பந்து. அதுதான் அதன் கண்ணாம், மிச்சத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்வார்களாம். பல்லி மாதிரியா அட்டை மாதிரியா என்றே இன்னும் முடிவாகவில்லை. "அட்டைன்னா சொல்லிருங்க, தெனம் கால்ல ஏறுறதுதான், பயம் வராது" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. எல்லாருக்கும் சிரிப்பு. டைரக்டருக்கு மட்டும் எரிச்சல்.

ஒரு சின்னப் பெண், உதவி டைரக்டராம், எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "பந்தை விடுங்கக்கா. உங்களுக்கு நிஜமா எது பயமோ அதை நெனச்சுக்குங்க."

பேசி வைத்ததுபோல அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டு மலை வெடிப்பைப் பார்த்தோம். தப்பான பக்கம் பார்க்கிறார்கள் என்று டைரக்டர் கத்தினார். பிறகு டிவி மாதிரி ஒரு பெட்டியில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கம்பைத் தூக்கிக்கொண்டுபோய் வெடிப்புக்கு நேரே பிடிக்கச் சொன்னார். அதிலும் இவர் முகத்தைத் தனியாக, கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள். மிருகத்தை முதலில் பார்க்கிற மனிதன் இவர்தானாம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அதே முகத்தைச் செய்து பார்த்தார்.

ஹீரோ வரவில்லை. அவர் வருகிற இடங்களைச் சென்னையில் பச்சைத் துணி கட்டி எடுப்பார்களாம்.

மார்ச் 14

உடைத்தார்கள். இரண்டு பெக்கோ மெஷின். சுவர் விழ அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கள் மாமனார் பிறந்த காம்பரா. பிறகு அந்த இடத்திலேயே நாலு விரல் வைத்து ஒரு பெரிய காலடி மாதிரிப் பள்ளம் தோண்டினார்கள். பிள்ளைகள் கை தட்டிக் குதித்தன. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. என் அடுப்பு இருந்த இடத்தில் மிருகத்தின் சுண்டுவிரல்.

சரி. புது வீட்டில் புது அடுப்பு.

ஜூன் 2

ஸ்டோரில் சேலையைக் கட்டி பத்துக் குடும்பத்துக்கும் மறைப்பு. யார் இருமினாலும் எல்லாருக்கும் கேட்கிறது. லயத்தில் சுவராவது இருந்தது.

ஆகஸ்ட் 27

ஆறு மாதம் ஆகப்போகிறதே என்று இவரும் நானும் பதுளைக்குப் போனோம். வீட்டுத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரி கீர்த்திகன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். நல்ல பையன், எழுந்து கதிரை தந்தார், தேத்தண்ணி வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, மண் சரிஞ்சு விழுந்திருந்தால் நான் நாளைக்கே உங்கட பேரைப் போட்டிருப்பன். வெள்ளம், காத்து, எதெண்டாலும் வழி இருக்கு. இது நீங்கள் சம்மதிச்சு உடைச்ச வீடு. அனர்த்தம் எண்டு எழுதேலாது."

அப்படியானால் உடைக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்டேன். அபாயப் பட்டியலில் இருந்தோமாம், எப்போதாவது முறை வந்திருக்குமாம். இப்போது வீடே இல்லாததால் அந்தப் பட்டியலிலும் நாங்கள் இல்லை. இல்லாத வீட்டுக்கு என்ன அபாயம்?

துரை சொன்னாரே என்றார் இவர். எழுத்தில் தந்தாரா என்று கேட்டார் கீர்த்திகன். தரவில்லை. எழுத்தில் இருந்தது எங்கள் பத்துக் கையெழுத்துத்தான்.

பஸ்ஸில் இவர் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். நான் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்ட என்ன இருக்கிறது, நானும்தானே கை தட்டினேன்?

செப்டம்பர் 9

துரை மாறிவிட்டார். புதுத் துரைக்கு எதுவும் தெரியாதாம்.

அக்டோபர் 31

தீபாவளி. மகள் வரவில்லை. கடையில் லீவு இல்லை என்று போனில் சொன்னாள். பொய் என்று எனக்குத் தெரியும். வந்து எங்கே படுப்பாள், சேலைக்குப் பின்னாலா?

நவம்பர் 18

மழை. பக்கத்துச் சேலைக்காரி இவரைப் பார்த்து, "நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா எங்களுக்கு ஒரு சுவராவது மிஞ்சியிருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். பதிலுக்கு அவள் வாயைக் கிழித்திருப்பேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லட்டும், சரிதானே" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

2025 ஏப்ரல் 19, சனி

படம் வந்துவிட்டது. முஸ்தாக் நானா தன் சொந்த வேனில் எங்களைப் பதுளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். பாவம், அவருக்கு மனசு கேட்கவில்லை. இவர் ஷேவ் எடுத்து, கலியாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டார். ஸ்டோரில் யாரும் இவரோடு சரியாகப் பேசுவதில்லை. இன்றைக்கு எல்லாரும் இவர் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

மலைக்குப் பின்னாலிருந்து மிருகம் எழுந்தது. பல்லியும் இல்லை, அட்டையும் இல்லை, கொம்பு வைத்த ஏதோ ஒன்று. கால் வந்தது. எங்கள் லயம். மூன்று நொடி இருக்கும். தியேட்டரே விசில் அடித்தது. நாங்கள் ஓடியது இல்லை. கத்தியது இல்லை. இவர் முகம் இல்லை. அடுத்து ஹெலிகொப்டரில் ஹீரோ, கீழே பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்: "நல்லவேளை, அந்த மலையில யாரும் குடியிருக்கல."

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் முடிந்து விளக்குப் போட்டும் எழும்பவில்லை.

நானா யாரிடமோ போனில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். ஹீரோ வருகிற படத்தில் அப்பாவிச் சனம் செத்தால் ஹீரோவுக்குக் கெட்ட பெயராம். "அதால ஒங்கள வெட்டிட்டாங்களாம், தங்கச்சி. ஆள் இல்லாத வீடெண்டு மாத்திட்டாங்களாம்." ஆள் இல்லாத வீட்டுக் கொடியில் என் பாவாடை காய்ந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை, அவர் என்ன செய்வார்.

மே 4

இவர் டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். சுவரைப் பார்க்கிறார்.

ஜூன் 15

பக்கத்து ஊரான எல்லவுக்கு வருகிற டூரிஸ்ட்காரர்கள் இப்போது எங்கள் பள்ளத்தைத் தேடிக்கொண்டு த்ரீவீலில் வருகிறார்கள். காலடிக்குள் படுத்து, நின்று, குதித்துப் படம் எடுக்கிறார்கள். தோட்டம் அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. அபாயம் என்ற பலகையைப் பிடுங்கிவிட்டு மிருகத்தின் படம் போட்ட பலகை நட்டிருக்கிறார்கள். வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் போய்விடுகிறவர்கள்தானே.

கீர்த்திகனிடம் இன்னொரு முறை போனேன். இடமாற்றமாகி மொனராகலைக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்துவிட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

ஜூலை 7

இவருக்குப் பள்ளத்தடியில் வேலை போட்டிருக்கிறார்கள். மலையைப் பார்த்து அந்தப் பயந்த முகத்தைச் செய்துகொண்டு நிற்க வேண்டும், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். யாரோ சூட்டிங் கதையைப் புதுத் துரையிடம் சொல்லியிருக்கிறார்கள். லயம் இருந்ததைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாதாம், வருகிற சனத்துக்கு மனசு சங்கடமாகுமாம். இஷ்டமில்லை என்றால் ஸ்டோரிலும் இடமில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேறு சொல்லிவிட்டுப் போனார்.

போக வேண்டாம்ங்க என்றேன். "போகாம?" என்றார். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சனம் கூடுதல் என்று இன்றைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பழைய சேலை கட்டி வரச் சொன்னார்கள். இருக்கிறதே அதுதான். பகல் முழுக்க இவருக்குப் பக்கத்தில் நின்றேன். இவர் முகத்தைப் பார்க்கிறேன், முன்பு வந்த பயம் இப்போது வருவதில்லை, தசை தானாக இழுத்துக்கொள்கிறது. எனக்கும் இரண்டு மணிக்குள் பழகிவிட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், கைக்குழந்தையோடு. புருஷன் படம் எடுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பள்ளத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புச் சிமெந்துத் துண்டைக் காலால் தட்டிப் பார்த்தாள். எங்கள் காம்பராத் தரை அது.

"ஐயா, இங்க முன்ன வீடு ஏதும் இருந்துச்சா?"

"இல்லம்மா," என்றார் இவர். "வெறும் காடு."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். குழந்தை என் பக்கம் கையை நீட்டியது.

"ஆமாங்க," என்றேன். "இங்க யாரும் இருந்ததில்ல."

அவள் சிரித்துவிட்டு எங்கள் நடுவில் வந்து நின்றாள். புருஷன் போனைத் தூக்கினார். நாங்கள் இரண்டு பேரும் மலையைப் பார்த்து வாயைத் திறந்தோம்.