பழுப்பாகாத ஸ்லைடு

அன்புள்ள அக்கா,

கண்ணை எடுத்த புண் ஆறிவிட்டதா? கண்ணிலிருந்த கட்டியின் ரிப்போர்ட்டில் 'புரதம் இல்லை' என்று படித்துவிட்டு, "ஒண்ணும் இல்லையாம்டி!" என்று போனில் கத்தினாய். மாமா உடனே மலைக்கு டிக்கெட் போட்டார். நானும் மென்று விழுங்கி, "சரிக்கா" என்றேன்.

எங்கள் லேபில், அந்தக் கட்டியின் சீவலை வைத்த ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியவளே நான்தான். புரதம் இருந்தால் செல்கள் பழுப்பாகும். உன்னுடையவை நீலமாகவே நின்றன. நம்பாமல் மூன்று முறை செய்தேன்.

அது காவல் புரதம், அக்கா. இருந்தால்தான் நல்லது. இல்லையென்றால் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவ வாய்ப்பு அதிகம்.

மலைக்குப் போய்விட்டு வா. திரும்பிய மறுநாளே கல்லீரல் ஸ்கேன், நேரம் வாங்கிவிட்டேன்.

நேரில் சொன்னால் நான் அழுவேன். ஒற்றைக் கண்ணோடு நீ வந்து என் இரண்டு கண்ணையும் துடைப்பாய். அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

உன் தங்கை