ஜோஷுவாவின் சைக்கிள்

மைசூரு

அன்புள்ள அத்தைக்கு மருமகள் ஈவ்லினின் தோத்திரம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

அடுத்த மாதம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டி. புது சைக்கிள் வாங்க மனம் வரவில்லை. உங்கள் மகன் சாகும்வரை ஓட்டிய சைக்கிளையே எனக்கு ஏற்றபடி மாற்றக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கிரிஸ் அளந்து பார்த்து, "சீட்டை ரெண்டு இன்ச் இறக்கணும் அக்கா," என்றார்.

ஜோஷுவா வைத்திருந்த உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடச் சொன்னேன்.

"மறுபடி ஏத்தணுமா?"

இறக்கியதும் கோடு குழாய்க்குள் போய் மறைந்துவிட்டது. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். ஓட்டுவதற்கு இப்போது வசதியாக இருக்கிறது.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று போட்டிப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். உங்கள் நம்பரை எழுதினேன். அன்றைக்கு போனைக் கையிலேயே வைத்திருங்கள் அத்தை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஈவ்லின்