வள்ளியின் பரிசம்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

சின்னவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வேறொன்று வைத்தால்தான் பிழைப்பான் என்றார் வேலூர் டாக்டர். அந்தச் செலவுக்காகத்தான் பெரியவள் வள்ளிக்குப் பரிசம் வாங்கினேன். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பணம் கொடுக்க வேண்டும். புளி விற்ற பணம். நோட்டிலெல்லாம் புளி வாசம். அதற்குப் பிறகுதான் யாருடைய கிட்னி அவனுக்குச் சேரும் என்று சோதித்தார்கள். என்னுடையதும் சேரவில்லை, அவன் அம்மாவுடையதும் சேரவில்லை. வள்ளியுடையதுதான் சேர்ந்தது.

இன்று சம்பந்தி வந்தார். வெற்றிலை போட்டார், சாமை விளைச்சலைப் பேசினார், காட்டுப்பன்றியைத் திட்டினார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"வவுத்த அறுத்த பொண்ணு எங்களுக்கு வேணாம் சம்மந்தி. அறுக்கறதுனா பரிசத்தத் திருப்பிக் குட்த்துடுங்க."

"குட்த்துட்டா ஆஸ்பத்திரிக்கு இன்னாத்தக் கட்றது?"

"அதுக்கு நா இன்னா பண்ணட்டும்?"

உள்ளேயிருந்து வள்ளி, "எனக்குக் கண்ணாலமே வேணாம்பா, தம்பிக்கே எடுத்துக்கட்டும்" என்றாள். கல்யாணம் இல்லையென்றால் பணமும் இல்லை. அது அவளுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

சற்றுமுன் சின்னவன் தண்ணீர் கேட்டான். அரை டம்ளருக்கு மேல் கொடுத்தால் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று சொம்போடு கொடுத்துவிட்டேன்.