ஈரத் துணியால் துடைத்த கல்

என் தங்கத் தம்பி கணபதிக்கு,

நீ அளந்தது சரி. அதைத் தவறு என்று சிவப்பு மையில் எழுதி, செங்கல் சோதிக்கும் ஆபீஸில் நீ இருந்த பரிசோதனை மேசையிலிருந்து உன்னை எழுப்பி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே காலி பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். போன ஆவணியில் போயும் விட்டாய். நடந்த அநியாயம் இதுதான். செய்தவர் உயிரோடு இருக்கிறார். அவரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலைக்குள் பதிக்கும் செங்கல் சரியாக வெந்திருக்கிறதா என்று அறிய அதன் அடர்த்தியைப் பார்ப்பார்கள். உலர்ந்த கல்லை எடை போட்டு, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மறுநாள்வரை ஊறவைப்பார்கள். பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஓர் எடை, வெளியே எடுத்துத் துடைத்து ஓர் எடை. மூன்று எடையும் கிடைத்தால் கணக்கு வந்துவிடும். எல்லாம் தராசு பார்த்துக்கொள்ளும். துடைப்பது மட்டும் மனிதன் கை.

உனக்கு 2.04 வந்தது. 2.05 இருந்தால்தான் அந்தக் கல் தேறும். அதிகாரி வேறொருவரைக் கொண்டு பார்த்தார், 2.07 வந்தது. கல்லின் மேல் தண்ணீர் நிற்கும்படி அரைகுறையாகத் துடைத்திருக்கிறாய் என்று முடிவு கட்டி உன் எண்ணை அடித்தார்.

அன்று சாயங்காலம் நீ வந்து இதைச் சொன்னபோது வலியசாலை வீட்டில் நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். உன் மகள் மீனா பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் மெஷினை நிறுத்தவில்லை. "நீ ஒழுங்காத் துடைச்சிருக்க மாட்டே" என்றேன்.

நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அந்தத் துணியை ஏன் எனக்கு நினைவூட்டவில்லை, கணபதி?

அதற்கு ஒரு மாதம் முன்புதானே பழைய வேட்டித் துணி கேட்டு வந்தாய்? "ஆபீஸ் துண்டு பெருங்குடியன் அக்கா. கல்லுக்குள்ள இருக்க தண்ணியையும் சேத்துக் குடிச்சிரும்" என்று சிரித்தாய். கிழித்துக் கொடுத்தேன். காதில் வாங்கவில்லை.

நீ போனபின் மீனா உன் பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தாள். அதில் நீ ஆங்கிலத்தில் எழுதிய நோட்டு இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். சாலைக் கடைத்தெருவில் சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். கொல்லையில் கிடந்த கூரை ஓட்டுச் சில்லை இட்லிக் கொப்பரையில் கொதிக்க வைத்தேன். தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன், பாத்திரத்தில் முட்டக் கூடாது என்று நீ அடிக்கோடிட்டிருந்தாய்.

ஈரத் துணியால் ஒற்றி நிறுத்தேன். உடனே அதே ஓட்டுச் சில்லை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்து நிறுத்தேன். எடை இறங்கியது. துளைக்குள் இருந்த தண்ணீரைத் துண்டு இழுத்துவிட்டது. அந்த எடை இறங்கினால் கணக்கில் அடர்த்தி ஏறும், வேகாத கல்லும் தேறிவிடும். ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும் அப்படித்தான். ஐம்பது வருஷம் துணியோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியவில்லை.

நோட்டையும் ஒரு வேட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு உன் ஆபீஸுக்குப் போனேன். இப்போது பொறுப்பில் இருப்பவள் ஷீஜா, மலையாளம் பேசும் நல்ல பெண். முதலில் டீ கொடுத்து அனுப்பப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அலமாரியில் தேடினாள். அந்தச் செங்கல்லில் சோதனைக்கு வெட்டியதுபோக மீந்த மறுபாதி, உன் கையெழுத்தோடு, அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஷீஜாவே நிறுத்தாள். உன் துணியில் 2.04. ஆபீஸ் மேசைத் துண்டில் 2.07. அவள் இன்னொரு முறை கணக்குப் போட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மே, சார் செய்ததுதான் சரி. பக்ஷே பழைய ரெஜிஸ்டர் திருத்தான் பற்றில்ல." திருத்த முடியாதாம்.

"திருத்தாண்டாம் மோளே. அடியில எழுது. எழுதான் பற்றும் இல்லியா?"

சிரித்தாள். மேலே கேட்க வேண்டும் என்றாள்.

மீனா இப்போது விழிஞ்ஞம் துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போனில் சொன்னேன். "விடுங்க அத்தே, அப்பாவுக்கு ஒரு தெற்று பற்றிப்போச்சு, அவ்வளவுதானே" என்றாள். தவறு என்கிற சொல்கூட அவள் வாயில் மலையாளமாகத்தான் வருகிறது. அதை அவளுக்கு அந்த அதிகாரி சொல்லவில்லை. மெஷினை நிறுத்தாமல் நான் சொன்னதைத்தான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, செய்ய வேண்டியவை. சிவப்புக் கோட்டுக்கு அடியில், இன்றைய தேதியிட்டு, 2.04 சரி என்று ஷீஜா எழுத வேண்டும். மகன் வீட்டில் ஓய்வாக இருக்கும் அந்த அதிகாரி ஆட்டோ பிடித்து வந்து அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவர் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் நான் இருப்பேன், இது உனக்கு வாக்கு. மேசையில் தொங்கும் துண்டை யாராவது அடுப்படிக்குக் கொண்டுபோகட்டும். துணி நான் தருகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மீனா வருகிறாள். ஒரு வேலை மிச்சம், அது என்னுடையது. ஓடு ஊறிக்கொண்டிருக்கும். அவள் கையாலேயே இரண்டு விதமாகவும் துடைத்து நிறுக்கச் சொல்வேன். பிறகு, எவள் முன்னால் அன்று சொன்னேனோ அவள் முன்னாலேயே சொல்வேன்: உன் அப்பா ஒழுங்காகத்தான் துடைத்தான்.

மெஷினை நிறுத்திவிட்டு,
உன் கூடப்பிறந்த அக்கா
பகவதி