அத்திப்பழ ஜாமும் உன் அம்மாவும்

கோவில்பட்டி
24.11.2002

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அடிலெய்டில் நீயும் பீட்டரும் அதேபோல் இருக்கச் செண்பகவல்லி அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். கார்த்திகை பிறந்தும் மழையைக் காணோம், விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போட்டவர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், நம் தீப்பெட்டி ஆபீசுக்கோ வெயில் தோதாக இருக்கிறது, குச்சி சீக்கிரம் காய்கிறது. இதற்குச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்த வாரம் எனக்கு எதுவுமே தெளிவாக இல்லை, எல்லாம் நீ அனுப்பிய ஜாமால் வந்தது.

உன் சிநேகிதி முத்துச்செல்வி ஆஸ்திரேலியாவிலிருந்து லீவுக்கு வந்தவள் போன வாரம் வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கொடுத்தாள். உன் மாமியார் தன் வீட்டு மரத்து அத்திப்பழத்தில் காய்ச்சியது என்றும், மசாலா கேக்கில் போட்டால் நன்றாயிருக்கும் என்று நீ செய்முறை எழுதியிருப்பதாகவும் சொன்னாள். நீ பீட்டரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அம்மா உன் பெயரை எடுத்ததில்லை, நீ போன் செய்தால் நான் ஆபீசில் வைத்துத்தான் பேசுகிறேன், அதனால் எனக்குப் பயமாக இருந்தது. அவள் முத்துச்செல்விக்குக் காப்பி கொடுத்தாள், பாட்டிலைத் தொடவில்லை. சரி, ஆபீசில் வேலை செய்கிற பெண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாப்பிட வந்தால் அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி, அதற்குள் மணல். என்ன இது என்றேன். நீ செய்முறை எழுதிய தாளை நீட்டி வாசிக்கச் சொன்னாள். 180 டிகிரி என்று போட்டிருக்கிறாய், நம் அடுப்பில் டிகிரி எங்கே இருக்கிறது? பேக்கரி செண்பகராஜிடம் போய்க் கேட்டேன். மணலைக் காயவைத்து மேலே மாவு ஊற்றிய தட்டை வைத்து மூடி, சின்னத் தீயில் விட்டுவிடுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள் அண்ணாச்சி என்றார். மசாலா என்று எழுதியவள் என்ன மசாலா என்று எழுத வேண்டாமா? கறிமசாலாவாக இருக்குமோ என்று நான் சொன்னதற்கு அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் சுக்கு இடித்துப் போட்டாள். யாருக்காகச் செய்கிறாய் என்று கேட்டேன், பொருள் வீணாகக் கூடாதே என்றாள்.

முதல் கேக் அடி கருகி நடுவில் மாவாகவே நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதுவிட்டாள். நம் வீட்டில் எத்தனையோ தடவை பால் பொங்கியிருக்கிறது, சோறு அடிப்பிடித்திருக்கிறது, அவள் அழுது நான் பார்த்ததில்லை. உன் கல்யாணச் சேதி வந்த அன்றுகூட அழவில்லை, ஏழெட்டுத் துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்தாள், அவ்வளவுதான். ஏன் அழுகிறாய் என்றேன், புகை என்றாள். புகை ஒன்றும் அப்படி இல்லை. நான் வெளியே போய் இன்னும் நாலு முட்டையும் மைதாவும் வாங்கி வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் மீதி ஜாமைப் போட்டுச் செய்தது நன்றாக எழும்பி வந்தது. வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் ஒரு துண்டு போயிற்று, என்ன விசேஷம் என்று கேட்டதற்கு அம்மா ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து ஒரு துண்டை மெதுவாகத் தின்றாள். ஜாம் இருந்த இடம் வந்ததும் நிறுத்தி வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னாள், "இவ்வளவு பக்குவமா காய்ச்சத் தெரிஞ்சவ நம்ம பிள்ளையப் பட்டினி போடமாட்டா, என்னங்க?"

நம்ம பிள்ளை என்றாள் விஜி. நான் ஆமாம் என்றேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, இதையெல்லாம் அவளுக்கு எழுதிக்கிட்டு இருக்காதீங்க என்றாள். இது மனம் இறங்கியதா, இல்லை இன்னும் கோபம்தானா, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை. நீ அவசரப்பட்டு வீட்டுக்குப் போன் செய்துவிடாதே, அம்மா எடுத்து உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால் என்ன செய்வது. செய்யாமலும் இருக்காதே. எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீயே யோசித்துக்கொள்.

பல்வலி என்றாயே, டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. பீட்டரையும் அவன் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் கூடிவர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெருமாள்சாமி

கவரை ஒட்டப் போகும்போது அம்மா வந்து நின்றாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. "அந்தப் பையன் காரம் திம்பானா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். கேட்டு எழுதுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தின்பானா விஜி? உடனே பதில் போடு.